பெட்டியோடு வந்தவர்களை வெறும் பார்வையாளர்களாக உட்காரவைக்காதீர்கள்

ஜெர்மனியின் யூத அருங்காட்சியகங்களில் ரஷ்ய மொழி நிகழ்ச்சிகளை நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜெர்மனியின் யூத சமூக அமைப்புகளில் பதிவு பெற்ற உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் சோவியத் மண்ணிலிருந்து வந்தவர்கள் அல்லது அவர்களுடைய பிள்ளைகள். வீட்டில் பேசுவது ரஷ்யன். 1989-இல் இந்த அமைப்புகளில் 30 ஆயிரத்துக்கும் குறைவானவர்களே இருந்தார்கள், அவர்களிலும் பலர் வயதானவர்கள். 1990 ஏப்ரல் 12 அன்று கிழக்கு ஜெர்மனியின் சுதந்திரமாகத் தேர்வான முதல் நாடாளுமன்றம் யூத மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. துன்புறுத்தப்படும் யூதர்களுக்கு அடைக்கலம் தருவோம் என்றும் அறிவித்தது. இரு ஜெர்மனிகளும் இணைந்தபின், 1991 ஜனவரி 9 அன்று மாநில முதல்வர்கள் கூடி அந்த வாக்குறுதியைத் தொடர முடிவெடுத்தார்கள். அதற்காகப் புதுச் சட்டம் எதுவும் எழுதவில்லை. வியட்நாமிலிருந்து படகில் தப்பி வந்தவர்களுக்காக 1980-இல் இயற்றிய ஒதுக்கீட்டு அகதிகள் சட்டத்தையே பயன்படுத்தினார்கள். 2004 முடிவதற்குள் குடும்பத்தாரையும் சேர்த்து 2 லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்து இறங்கினார்கள்.

1980-களின் நடுவில் ஈழத்தமிழர் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி மேற்கு பெர்லினுக்குள் நுழைந்த கதை தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் தஞ்ச மனு கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். சோவியத் யூதர்களுக்கோ வந்த கையோடு நிரந்தர வதிவிட உரிமை கிடைத்தது. ஆனால் வேறொரு கதவு அவர்களுக்குச் சாத்தியே இருந்தது.

சோவியத் உள்நாட்டுக் கடவுச்சீட்டில் ஒருவருடைய இனம் எழுதப்பட்டிருக்கும். மக்கள் வழக்கில் அதற்குப் பெயர் 'பியாத்தயா கிராஃபா', அதாவது ஐந்தாவது வரி. தாயும் தந்தையும் வெவ்வேறு இனமென்றால் 16 வயதில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். தந்தை வழியில் 'யூதர்' என்று எழுதிக்கொண்டவர்கள் ஏராளம். அந்த ஒரு சொல்லால் பல்கலைக்கழக இடத்தையும் வேலையையும் இழந்தவர்கள் அவர்கள். பிறகு அதே சொல் இருந்த பிறப்புச் சான்றிதழைத் தூதரகத்தில் காட்டித்தான் ஜெர்மனிக்கு வந்தார்கள். வந்த பிறகு யூதத் தொழுகைக்கூடத்தின் கதவைத் தட்டினால், சமயச் சட்டப்படி தாய் யூதராக இருந்தால்தான் நீங்கள் யூதர் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே யூதர், இங்கே அன்னியர். இந்த இடைவெளியில் நிற்பவர்கள் தாயா தந்தையா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் உள்ளே வரக்கூடிய யூதப் பொது இடம் அருங்காட்சியகம் மட்டும்தான். ரஷ்ய மொழி நிகழ்ச்சிகளை ஒரு உபரி வேலையாக நடத்தக்கூடாது என்று அழுத்திச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

இந்த நிகழ்ச்சிகள் பெரும்பாலும் எங்கே சறுக்குகின்றன? வந்தவர்களுக்கு நாம் ஏதோ கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்ற நினைப்பில்தான். 18-ஆம் நூற்றாண்டு மெய்யியலாளர் மோசஸ் மெண்டல்சோனில் தொடங்கி, 1938 நவம்பர் 9-இல் நாஜிகள் எரித்த தொழுகைக்கூடங்கள் வழியாக ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் முடியும் ஜெர்மன் யூத வரலாற்றை ரஷ்யனில் மொழிபெயர்த்துச் சொன்னால் போதும் என்று நினைக்கிறார்கள். கேட்க வந்தவர் தலையாட்டுவார், அடுத்த முறை வரமாட்டார். அவருடைய வரலாறு வேறு. அவருடைய தந்தையோ மாமாவோ செம்படையில் போரிட்டிருப்பார். செம்படையில் சுமார் 5 லட்சம் யூதர்கள் இருந்தார்கள், ஏறத்தாழ 2 லட்சம் பேர் திரும்பவில்லை. குடும்பம் தாஷ்கந்துக்கோ யூரல் மலைப் பக்கமோ ரயிலில் இடம்பெயர்ந்திருக்கும். ஊரிலேயே தங்கிய பாட்டியை ஊர் எல்லைப் பள்ளத்தாக்கில் சுட்டுக் கொன்றிருப்பார்கள். கீவ் நகரின் பாபின் யாரில் 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாட்களில் 33,771 பேர் இப்படிக் கொல்லப்பட்டார்கள். 1976-இல் சோவியத் அரசு அங்கே எழுப்பிய நினைவுச்சின்னத்தின் வாசகத்தில் 'யூதர்' என்ற சொல்லே கிடையாது. 1952 ஆகஸ்ட் 12 இரவில் யூத எழுத்தாளர்கள் பெரெத்ஸ் மார்கிஷ், தாவித் பெர்கெல்சன் உள்ளிட்ட 13 பேரை மாஸ்கோ சிறையில் சுட்டதையும், 1953 ஜனவரியில் யூத மருத்துவர்கள்மேல் சதிப்பழி சுமத்தியதையும் வீட்டுக்குள் தாழ்ந்த குரலில் பேசி வளர்ந்த தலைமுறை இது. இவர்களை நாற்காலியில் உட்காரவைத்துப் பாடம் எடுப்பதைவிட, இவர்கள் கொண்டுவந்ததைக் கேட்டு வாங்கிப் பதிவு செய்வது அருங்காட்சியகத்துக்கே பெரிய லாபம். பிராங்க்ஃபர்ட் யூத அருங்காட்சியகம் 2010-இல் இந்தக் குடிவரவையே பொருளாக எடுத்து ஒரு முழுக் கண்காட்சி வைத்தது. சரியான திசை அதுதான்.

அடுத்தது நாள் குறிப்பது. ஜெர்மன் நாட்காட்டியில் ஆஷ்விட்ஸ் விடுதலையான ஜனவரி 27-ம், நவம்பர் 9-ம் துக்க நாட்கள். ரஷ்ய மொழிக்காரர்களுக்கு மே 9, நாஜி ஜெர்மனியை வென்ற வெற்றி நாள். பெர்லினின் கார்ல்ஸ்ஹோர்ஸ்டில் ஜெர்மனியின் சரணாகதி கையெழுத்தானது 1945 மே 8 நள்ளிரவை ஒட்டி. மாஸ்கோ கடிகாரத்தில் அப்போது 9-ஆம் தேதி பிறந்துவிட்டது. பாதிக்கப்பட்டவர்களாக மட்டுமே யூதர்களைப் பார்த்துப் பழகிய நாட்டில், வென்றவர்களின் பிள்ளைகளாக இவர்கள் நிமிர்ந்து வரும் நாள் அது. அந்த நாளுக்கு அருங்காட்சியகத்தில் இடம் இருக்கவேண்டும். ஆனால் ரஷ்யா உக்ரைன்மேல் படையெடுத்த 2022-க்குப் பிறகு கவனம் கூடுதலாகத் தேவை. மே 8, 9 தேதிகளில் பெர்லினின் சோவியத் போர் நினைவிடங்களில் ரஷ்ய ராணுவ அடையாளமான, கருப்பும் ஆரஞ்சும் கலந்த ஜார்ஜ் ரிப்பனுக்கும் ரஷ்ய, சோவியத் கொடிகளுக்கும் காவல்துறை தடை போட்டிருக்கிறது, முன்னாள் போர்வீரர்களுக்கு விலக்கு தந்து. 2023-இல் உக்ரைன் சட்டம் இயற்றி நினைவு நாளை மே 8-க்கு மாற்றிக்கொண்டது. ஆகவே நிகழ்ச்சியை மே முதல் வாரத்தின் வேறொரு நாளில் வையுங்கள். அழைப்பிதழிலேயே "பதக்கங்களை அணிந்து வாருங்கள், ரிப்பன், கொடி வேண்டாம்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். வாசலில் வைத்து 90 வயதுக்காரரிடம் ரிப்பனைக் கழற்றச் சொல்வதைப்போல் அவமானம் வேறில்லை.

வெள்ளி மாலையும் சனிக்கிழமையும் யூதர்களின் ஓய்வுநாள். வந்தவர்களில் பெரும்பாலோர் அதைக் கடைப்பிடிப்பதில்லை என்றாலும், அன்று வைக்கும் நிகழ்ச்சி, கடைப்பிடிக்கும் சிலரை வெளியே நிறுத்திவிடும். ஞாயிறு அல்லது வார நாளில் பிற்பகல் 2 மணி பொருத்தம். குளிர்காலத்தில் 4 மணிக்கே இருட்டிவிடுவதால் மாலை 6 மணி நிகழ்ச்சிக்கு முதியவர்கள் வரமாட்டார்கள். டிசம்பரில் யூதர்களின் ஒளிவிழாவான ஹனுக்காவையும் டிசம்பர் 31 புத்தாண்டையும் ஒன்றோடொன்று மோதவிடாதீர்கள். அலங்கரித்த புத்தாண்டு மரம் சோவியத் வீடுகளில் சமயம் சாராத பண்டிகை. அதைக் கிறிஸ்துமஸ் மரம் என்று நினைத்துக் கண்டிக்கும் உள்ளூர்ப் பணியாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

அறிவிப்பை இணையத்தில் மட்டும் போட்டால் மகள் பார்ப்பாள், அம்மாவுக்குத் தெரியாது. ரஷ்ய மளிகைக் கடை, ரஷ்யன் பேசும் மருத்துவரின் காத்திருப்பு அறை, யூத அமைப்பின் சமூகநலப் பிரிவு ஆகிய இடங்களில் 14 புள்ளிக்குக் குறையாத எழுத்தில் அச்சிட்ட தாளை வையுங்கள். பதிவுக்குத் தொலைபேசி எண் கொடுத்து, குறிப்பிட்ட நாட்களில் இரண்டு மணி நேரம் ரஷ்யன் பேசுகிறவர் எடுக்கட்டும். எடுப்பவர் முதலில் கேட்கவேண்டியது தந்தைப் பெயர். ரஷ்ய வழக்கில் பெரியவர்களைப் பெயரோடு தந்தைப் பெயரும் சேர்த்து 'சோஃபியா பரீசொவ்னா' என்று அழைப்பதுதான் மரியாதை. ஜெர்மன் அடையாள அட்டையில் தந்தைப் பெயருக்கு இடமில்லாததால், நாடு மாறிய நாளிலிருந்து அவரை அப்படி அழைக்கும் அலுவலகம் ஒன்றுகூட இருந்திருக்காது. பெயர் அட்டையில் ரஷ்ய எழுத்தான சிரில்லிக்கில் இரண்டையும் எழுதி மாட்டிவிட்டால், உள்ளே வரும்போதே முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

அனுமதிக் கட்டணமும் முக்கியம். சோவியத் நாட்டில் 35 ஆண்டு பொறியாளராகவோ ஆசிரியராகவோ உழைத்த காலம் இவர்களுடைய ஜெர்மன் ஓய்வூதியக் கணக்கில் ஏறாது. அதே சோவியத் நாட்டிலிருந்து ஜெர்மன் வம்சாவளியினராகக் குடிவந்தவர்களுக்கு ஏறியது. அதனால் முதியவர்கள் பலர் அரசின் குறைந்தபட்ச உதவித்தொகையில் காலம் தள்ளுகிறார்கள். நிகழ்ச்சி இலவசமாக இருக்கட்டும். உதவித்தொகைச் சான்றை வாசலில் எடுத்துக் காட்டச் சொல்லும் சலுகைச் சீட்டு வேண்டாம். எல்லோருக்கும் இலவசம் என்றால் யாருக்கும் கூச்சமில்லை.

பெர்லின் யூத அருங்காட்சியகத்தின் கட்டடத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். டானியல் லிபெஸ்கிண்ட் வடிவமைத்து 2001 செப்டம்பரில் திறந்த துத்தநாகக் கட்டடத்துக்குத் தெருவிலிருந்து வாசல் இல்லை. 1735-இல் கட்டிய பழைய கட்டடத்தில் நுழைந்து பாதுகாப்புச் சோதனை முடித்து, நிலத்தடிக்கு இறங்கித்தான் போகவேண்டும். கீழே தரை சரிந்திருக்கும். புலம்பெயர்வுத் தோட்டத்தில் 49 கான்கிரீட் தூண்கள் சாய்ந்த தரையில் நிற்கின்றன. நடப்பவருக்குத் தலை சுற்றவேண்டும் என்பதற்காகவே அப்படிக் கட்டியது. 30 வயதுக்காரருக்கு அது அனுபவம், 85 வயதுக்காரருக்கு இடுப்பெலும்பு முறிய வாய்ப்பு. ஹோலோகாஸ்ட் எனும் யூதப் பேரழிவின் நினைவாக அங்கே உள்ள, சூடேற்றாத உயரமான பேரழிவுக் கோபுரமும் அப்படித்தான். முதியோர் குழுவை மின்தூக்கியில் நேராக மேலே கொண்டுபோய், 45 நிமிடத்துக்கு மேல் நிற்கவைக்காமல், மடக்கு முக்காலிகளோடு சுற்றிக்காட்டுங்கள். சரிந்த பாதைகளைக் கடைசியில், விரும்புகிறவர்களுக்கு மட்டும் காட்டலாம். இன்னொன்று, இவர்கள் குறித்த நேரத்துக்கு அரைமணி முன்பே வந்துவிடுவார்கள், அதுவும் நல்ல உடை உடுத்தி. கோட்டு மாட்டும் இடத்தில் ஆளும், பக்கத்தில் நாற்காலிகளும் அப்போதே தயாராக இருக்கவேண்டும். இதயத் துடிப்புக் கருவி பொருத்தியவர்களுக்குச் சோதனைக் கதவில் மாற்று வழி உண்டென்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள்.

உரை ஜெர்மனில் என்றால் உரைபெயர்ப்பு வேண்டும். பேச்சாளர் நிறுத்தி நிறுத்திப் பேச, உரைபெயர்ப்பாளர் தொடர்ந்து சொல்லும் முறையில் ஒரு மணி நேர உரை இரண்டு மணி நேரமாகும். இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் சலித்துப்போவார்கள். உடனுக்குடன் காதில் சொல்லும் முறைக்கு இரண்டு பேர் தேவை. 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளாவிட்டால் தரம் விழுந்துவிடும். ஒருவரை மட்டும் அமர்த்திப் பணம் மிச்சம் பிடித்தால் இரண்டாவது பாதியில் எண்களும் பெயர்களும் காணாமல்போகும். படக்காட்சியையும் மேற்கோள்களையும், குறிப்பாகக் கவிதை வரிகளை, ஒரு வாரம் முன்பே அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். செவிக்கருவி அணிந்தவர் அதன்மேல் ஹெட்போனை மாட்டினால் கீச்சென்று ஒலிக்கும். கழுத்தில் மாட்டும் தூண்டல் வளையம் சில வாங்கி வைத்தால், அதற்கான வசதியுள்ள செவிக்கருவியிலேயே நேராகக் கேட்கும். கேள்வி நேரத்தில் ஒலிவாங்கி இல்லாமல் யாரையும் பேசவிடாதீர்கள். உரைபெயர்ப்பாளருக்குக் கேட்காத கேள்வி அரங்கில் பாதிப்பேருக்குக் கேட்காத கேள்விதான்.

இவ்வளவும் இருந்தாலும் எல்லா நிகழ்ச்சிகளிலும் மேலானது, வீட்டில் இருக்கும் படங்களையும் தாள்களையும் கொண்டுவரச் சொல்லும் பிற்பகல்தான். இதற்கு மூன்று மேசை போதும். முதல் இரண்டு மேசைகளில் ஒரு ஸ்கேனர், அதை இயக்க ஒருவர், ரஷ்யக் கையெழுத்து வாசிக்கத் தெரிந்து குறிப்பெழுத ஒருவர். ஒரு குடும்பத்துக்கு 20 நிமிடம் என்று நேரம் ஒதுக்கினால் மூன்று மணி நேரத்தில் இரண்டு மேசைக்கும் சேர்த்து 18 குடும்பம். அதற்குமேல் பதிவு வாங்கவே கூடாது. ஸ்கேன் இரண்டு நிமிடத்தில் முடியும், மீதியெல்லாம் பேச்சு. அவசரப்படுத்தினால் படம் மட்டும் மிஞ்சும், படத்தில் இருப்பது யாரென்று தெரியாமல் போகும்.

சோவியத் காலத்தில் புழங்கிய அளவு 9×12 செ.மீ. 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்தால் ஏறத்தாழ 2100×2800 புள்ளிகள் வரும். சுருக்காத டிஃப் கோப்பாகச் சேமித்தால் சுமார் 18 மெகாபைட். 3×4 கடவுச்சீட்டுப் படத்துக்கு 1200 டிபிஐ வேண்டும். பின்பக்கத்தையும் கட்டாயம் எடுங்கள். 'நல்நினைவாக, தாஷ்கந்த், 1942' என்ற ஒரு வரி முன்பக்கத்து முகத்தைவிட அதிகம் சொல்லும். ஆல்பத்தில் ஒட்டிய படத்தைப் பிய்க்காதீர்கள். அந்தக் காலத்து அலுவலகப் பசை சிலிக்கேட், காய்ந்து கண்ணாடிபோல் இறுகியிருக்கும். இழுத்தால் படத்தின் மேல்தோல் பெயர்ந்து வரும். ஆல்பப் பக்கத்தோடு சேர்த்து மேலிருந்து கேமராவில் எடுத்துக்கொள்ளலாம்.

போர்முனைக் கடிதங்கள் முக்கோணமாக மடித்திருக்கும். உறை கிடையாது, தபால்தலையும் கிடையாது, தாளையே மடித்து முகவரி எழுதி அனுப்பினார்கள். மேலே ராணுவத் தணிக்கை முத்திரை இருக்கும். எழுதியது பெரும்பாலும் மைப்பென்சிலில். அதன் ஈயத்தில் சாயம் கலந்திருப்பதால் ஈரம் பட்டதும் ஊதாவாகக் கரைந்து பரவிவிடும். வியர்த்த கை, தேநீர்க் கோப்பை, ஈரத்துணி எதுவும் அந்த மேசைக்குப் பக்கத்தில் வரக்கூடாது. எண்பது ஆண்டுகளாக மடிந்திருந்த தாளை அழுத்தித் தட்டையாக்கினால் மடிப்பில் கிழியும். மடிப்பு மடிப்பாகத் திறந்து அப்படியே படமெடுத்து, பழையபடி மடித்துக் கொடுங்கள். பாதுகாப்பதாக நினைத்து லேமினேட் செய்துகொண்டு வருகிறவர்களும் உண்டு. அதைத் திருப்ப முடியாது. ஆகவே 'லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள்' என்று அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

மூன்றாவது மேசை, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான, எபிரேய எழுத்தில் எழுதப்படும் இத்திஷ் வாசிக்கத் தெரிந்தவருக்கு. சோவியத்தின் இத்திஷ் பள்ளிகளில் பெரும்பாலானவை 1930-களின் இறுதியில் மூடப்பட்டன. வீட்டில் அந்த மொழியைக் கேட்டு வளர்ந்தவர்களாலும் எழுத்தை வாசிக்க முடியாது. தாத்தாவின் கடிதத்தை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே இருந்தவர்கள் இந்த மேசைக்குமுன் வரிசையில் நிற்பார்கள். கடிதத்தை உரக்க வாசிப்பதற்குமுன் குடும்பத்தாரிடம் தனியாகச் சொல்லிவிடுவது நல்லது. யார் எப்போது கொல்லப்பட்டார் என்ற செய்தி அதில் இருக்கக்கூடும்.

ஸ்கேன் செய்தவற்றின் பட்டியலில் ஊர்ப்பெயருக்கு மூன்று கட்டம் வையுங்கள்: தாளில் எழுதியிருக்கும் பெயர், இன்றைய பெயர், இத்திஷ் பெயர். புரோஸ்குரோவ் 1954-இல் க்மெல்னித்ஸ்கி ஆனது. எகாதெரினோஸ்லாவ் 1926-இல் த்னிப்ரோபெத்ரொவ்ஸ்க் ஆகி, 2016-இல் த்னிப்ரோ ஆனது. ஆள்பெயரும் அப்படியே. சோவியத் வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் பெயரைப் பிரெஞ்சு முறையில் ஒலிபெயர்த்தார்கள், ஜெர்மன் அலுவலகம் ஜெர்மன் முறையில் எழுதியது. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பிக்குக் குடும்பப்பெயர் இரண்டு எழுத்துக்கூட்டலில் இருக்கும். சிரில்லிக் வடிவத்தைத் தனிக் கட்டத்தில் வைக்காவிட்டால் நாளை இவர்களைச் சொந்தக்காரர்கள் என்று யாராலும் இணைக்க முடியாது.

ஒப்புதல் படிவம் ரஷ்யனில் இருக்கட்டும். மூலத்தைத் தருகிறாரா, நகலை மட்டுமா, பெயரை வெளியிடலாமா, பின்னால் மனம் மாறினால் யாரிடம் சொல்வது என்பதெல்லாம் தனித்தனி வரியாக இருக்கவேண்டும். அன்றே கையெழுத்து வாங்க நெருக்காதீர்கள். தாளை அலுவலகத்தில் கொடுத்துப் பழிவாங்கப்பட்ட தலைமுறைக்கு அந்த அச்சம் நியாயமானது. படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் பேசுங்கள்.

சாப்பாட்டு மேசை எளிய வேலைபோல் தெரியும், ஆனால் சண்டை வருவது அங்கேதான். ரஷ்ய விருந்தென்றால் ஒலிவியே சாலட் இருக்கும், அதில் போடும் வேகவைத்த தொத்திறைச்சியில் பன்றி இருக்கும், யூத உணவு விதியான கோஷர் அதை ஏற்காது. நண்டுக்குச்சியும் கூடாது. கோஷர் முறையில் இறைச்சியும் பாலும் ஒரே மேசையில் சேராது. மீனும் காய்கறியும் என்று முடிவெடுத்தால் தொல்லை தீர்ந்தது. 'ஷூபா'வின் கீழ் ஹெர்ரிங், அதாவது மீன்மேல் உருளைக்கிழங்கு, கேரட், முட்டை, பீட்ரூட் அடுக்கி மயோனைஸ் பூசியது, எல்லோருக்கும் தெரிந்த பண்டம், பாலும் இறைச்சியும் கலக்காதது. ஹெர்ரிங்குக்குச் செதிலும் துடுப்பும் உண்டு, ஆகவே விலக்கில்லை. ஆனால் மீனும் மயோனைஸும் கோஷர் முத்திரையோடு வாங்கியதாக, கோஷர் சமையலறையில் செய்ததாக இருக்கவேண்டும். சில மணி நேரம் முன்பே அடுக்கிக் குளிரில் வைத்தால்தான் அடுக்குகள் ஊறிப் பிடிக்கும். வீட்டில் செய்து கொண்டுவர வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். கொண்டுவந்தபின் மறுப்பது கொடுமை. கறுப்புத் தேநீரும் எலுமிச்சைத் துண்டும் தாராளமாக இருக்கட்டும்.

இசைக்கு எப்போதும் கிளெஸ்மர் எனும் யூத நாட்டுப்புற இசைக் குழுவையே கூப்பிடுவது ஜெர்மன் அமைப்பாளர்களின் பழக்கம். லெனின்கிராடில் வளர்ந்த பொறியாளருக்குச் சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச்தான் நெருக்கம், கேட்டுப் பாருங்கள். பழைய சோவியத் படம் திரையிடும்போது, அது யூடியூபில் இலவசமாகக் கிடைப்பதால் பொது அரங்கில் போடும் உரிமை கிடைத்துவிடாது என்பதையும் மறக்கவேண்டாம்.

2022 பிப்ரவரிக்குப் பிறகு இந்த அரங்குகளின் காற்றே மாறிவிட்டது. யூதப் பேரழிவிலிருந்து சிறுவயதில் தப்பியவர்களை உக்ரைனிலிருந்து ஆம்புலன்ஸில் ஜெர்மனிக்கே கொண்டுவந்தார்கள். கார்கிவ், ஒடேசா யூதர்கள் பலருக்குத் தாய்மொழி ரஷ்யன்தான். சிலர் இப்போது அதைப் பேச மறுக்கிறார்கள், அதற்கு விளக்கம் கேட்கும் உரிமை நமக்கில்லை. அறிவிப்பில் 'ரஷ்யர்களுக்கான நிகழ்ச்சி' என்று ஒருபோதும் எழுதாதீர்கள். 'ரஷ்ய மொழியில்' என்று எழுதி, உக்ரைனிய மொழியிலும் அதே தாளை அச்சிடுங்கள். உக்ரைன் ஊர்ப்பெயர்களை உக்ரைனிய வடிவில் எழுதுங்கள். இரு தரப்பையும் மேடையேற்றி உரையாடவைக்கும் ஆசை அமைப்பாளர்களுக்கு வருவதுண்டு. அடுத்த நாற்காலியில் இருப்பவரின் மகன் போர்முனையில் இருக்கலாம். அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

பேரப்பிள்ளைகளுக்கு சிரில்லிக் தெரியாது, தாத்தா பாட்டிக்கு ஜெர்மன் போதாது. ஒரே நேரத்தில் பிள்ளைகளுக்கு ஜெர்மனில் ஒரு பட்டறை, பெரியவர்களுக்கு ரஷ்யனில் ஒரு சுற்று என்று பிரித்து நடத்தி, கடைசி அரைமணி நேரம் ஒரே அறையில் சேர்த்துவிடுங்கள். பிள்ளைகளிடம் ஒரு படத்தின் நகலைக் கொடுத்து, பின்பக்கத்தில் எழுதியிருப்பதைப் பாட்டியிடம் கேட்டு ஜெர்மனில் எழுதிவரச் சொன்னால் போதும், வேறு நிகழ்ச்சி நிரல் தேவையில்லை. அந்தத் தாளையும் பட்டியலோடு சேர்த்து வைக்கலாம்.

நிகழ்ச்சி முடிந்த நான்கு வாரத்துக்குள் அச்சிட்ட நகல்களும், ரஷ்யனில் தந்தைப் பெயரோடு ஒரு கடிதமும் தபாலில் போகவேண்டும். நினைவட்டை மட்டும் கொடுத்தால் அது மேசை இழுப்பறையிலேயே கிடக்கும். கடிதத்தில் பதிவு எண்ணும், தொடர்புகொள்ள வேண்டிய பணியாளரின் எண்ணும் இருக்கட்டும். ஏனென்றால் அடுத்துப் பேசப்போகிறவர் பெரும்பாலும் மகனோ பேத்தியோதான், அதுவும் வீடு காலிசெய்யும் அவசரத்தில். வாடகை வீட்டை மாதக் கடைசிக்குள் ஒப்படைக்கவேண்டும், எதை வைப்பது எதை எறிவது என்று அவர்களுக்குத் தெரியாது. எதையும் பிரிக்காமல், வாசிக்க முடியாத தாள்கள் உட்பட எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். அந்த வாரத்துக்குள் ஒருவர் நேரில் போய்ப் பார்ப்பதற்கு ஆண்டு வரவுசெலவிலேயே பணம் ஒதுக்கி வையுங்கள்.